சித்தப்பா இன்னும் 'இ.பி.'ன்னுதான் சொல்றார்

2018. திருவண்ணாமலையில சித்தப்பாவோட லாட்ஜ். பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்றவங்க ஏசி ரூம் கேட்டாங்க, லோடு பத்தல. "இ.பி. ஆபீஸ் போயிட்டு வாப்பா"ன்னார்.

அரசுத் துறையா இருந்தது 1957-ல் வாரியமானது. 2010-ல் டான்ஜெட்கோ. 2024-ல் அதையும் பிரிச்சாங்க. ஊர் வாயில் இன்னும் இ.பி.தான்.

அன்னைக்கு எங்களை நிறுத்தினது ஒரு எண்: 112 கிலோவாட். அதுவரை தாழ்வழுத்த இணைப்பு. தாண்டினா உயரழுத்தம், 11 கே.வி. லைன், டிரான்ஸ்ஃபார்மர் நம்ம செலவு, அதுக்கு இடமும் நம்மளுது. லாட்ஜ்ல பார்க்கிங்குக்கே இடமில்ல! நாங்க போட்ட கணக்கு 120.

ராத்திரி ஹால்ல உக்காந்து பட்டியலைத் திருத்தினோம். ஐந்து ரூமுக்கு ஏசி வேணாம்னு சித்தப்பா கோடு போட்டார். 112-ன்னு எழுதிக் கொடுத்தோம்.