2023-ல் வந்த இரண்டு தீர்ப்புகள்

நம் சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் தொடங்கியது. அங்கிருந்து 2023-ஆம் ஆண்டில் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பற்றி எழுத வேண்டுமென்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஒன்று சிவில், மற்றொன்று கிரிமினல்.

முதலில் சிவில் வழக்கு. கணவர் சவுதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பணத்தில் மனைவி பெயரில் சொத்தும் வாங்கப்பட்டது. திரும்பி வந்த கணவர், "என் பணம், என் சொத்து" என்று வழக்குப் போட்டார். கணவர் காலமான பின் பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள். 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, அந்தக் குடும்பச் சொத்தில் மனைவிக்கும் சரிபாதி உண்டு என்றார். இல்லத்தரசியின் உழைப்பை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பது அவர் கண்ட நியாயம்.

நான் வங்கியில் இருந்த காலத்தில் வளைகுடாவிலிருந்து வரும் டிராப்டை எடுத்துக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு கவுண்டரில் நிற்கும் பெண்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடக் கட்டணம், மாமியாரின் வைத்தியம், வீடு கட்டும் கொத்தனார் கூலி என எல்லாக் கணக்கும் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். பாஸ்புக்கில் பணம் ஏறும். அவர்கள் உழைப்பு ஏறாது.

அடுத்தது கிரிமினல் வழக்கு, வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்து மலைவாழ் மக்களின் கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்கள் பலர் சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் நீதிமன்றப் படி ஏறினார். 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ வசம் ஒப்படைத்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும், அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

வாச்சாத்திப் பெண்களுக்குச் சாட்சி அவர்கள் வாய்ச்சொல்தான். எதிரே நின்றதோ அரசாங்க முத்திரை. அந்த இல்லத்தரசிக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. காகிதத்தில் ஏறாத உண்மையையும் உண்மையென்று நீதிமன்றம் இரண்டிலும் ஏற்றது. மகிழ்ச்சிதான்.

ஆனால் 31 ஆண்டுகள்! அன்று கைக்குழந்தையோடு ஓடியவர் இன்று பாட்டி. நியாயம் கிடைத்தது என்று நாம் பெருமைப்படும்போது, இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.