எட்டு மணி நேரமும் சிவப்புத் தொப்பியும்

புதுவைக் கடற்கரைத் தெருக்களிலே நடப்போர் கண்ணில் விரைந்து படுவது காவலரின் சிவப்புத் தொப்பி. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962இல் அது சட்டப்படியும் நிறைவேறிற்று. பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. தொப்பி மட்டும் தலையை விட்டு இறங்கவில்லை! வெளியூரார் அதைப் படமெடுத்து மகிழ்கின்றனர். அந்தத் தொப்பிக்குக் கீழே உள்ளவன் எப்போது வீடு திரும்புவான், தன் குழந்தை விழித்திருக்கும்போது அதன் முகத்தைக் கண்டானா என்று கேட்போர் எத்தனை பேர்?

கேட்பதற்கு உரிமையுள்ள ஊர் புதுவை. உழைப்பின் நேரத்துக்கு எல்லை வேண்டுமென்று உயிர் கொடுத்த ஊர் அது. 1936இல் சவானா, ரோடியர் முதலிய பஞ்சாலைகளின் தொழிலாளர், வ. சுப்பையா போன்றோர் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் கேட்டது அரசபோகமல்ல. சங்கம் வைக்கும் உரிமையும், மனிதனாய் வீடு திரும்பத்தக்க வேலை நேரமும்தான். சூலை 30ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சியின் ஆயுதப்படை சுட்டது, பன்னிருவர் மாண்டனர். பாரிசிலே அப்போது ஆண்டது மக்கள் முன்னணி அரசு! தன் நாட்டுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேரம் என்று வகுத்துக் கொடுத்த அதே ஆண்டில், அதன் குடியேற்ற நாட்டிலே தொழிலாளிக்குக் கிடைத்தது குண்டு. ஆயினும் சிந்திய குருதி வீண்போகவில்லை. 1937இல் பிரெஞ்சிந்தியாவுக்கெனத் தொழிற்சட்டம் வந்தது; எட்டு மணி நேர வேலை உரிமையாயிற்று.

தோழர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். ஆலைத் தொழிலாளிக்கு எட்டு மணி நேரம் கிடைத்தது. அவனுக்கெதிரே துப்பாக்கி ஏந்தி நிற்க வைக்கப்படும் காவலனுக்கு? அவனும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அவனுக்கு அந்த உரிமை இன்றளவும் எட்டாக்கனி.

காரணம் பழையது. 1857 கிளர்ச்சி கண்டு கலங்கிய வெள்ளையர் 1861இல் இயற்றிய காவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, காவலன் எந்நேரமும் பணியிலிருப்பவனாகவே கருதப்படுவான் என்கிறது. எந்நேரமும்! ஆண்டானுக்கு ஏவலாள் வேண்டியிருந்தது. அவனுக்குக் குடும்பமுண்டு என்பது சட்டம் எழுதியவனுக்கு நினைவில்லை. 2014இல் இந்திய அளவில் நடந்த ஆய்வொன்று, காவல் நிலையப் பணியாளரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாகக் கண்டது. நான்கில் மூவர்க்கு மாதத்தில் ஒரு நாள்கூட வார விடுப்பு வாய்ப்பதில்லை. சங்கம் கண்டு முறையிடலாமோ எனில், முன்அனுமதியின்றிச் சங்கம் கூடாதென 1966ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

தமிழ்நாட்டில் 1973இல் பெண்கள் காவல் துறையில் சேர்க்கப்பட்டனர். பெண் வந்த பிறகே துறைக்குத் தொட்டில் என்றொன்று உண்டென்பது தெரிந்தது. 2021இல் சாலையோரக் காவலில் பெண்களை நிறுத்த வேண்டாமென்றது அரசு. காவலர்க்கு வார விடுப்பும் அந்த ஆண்டே ஆணையாயிற்று. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்க்குப் பெற்றோரோ கணவர் வீட்டாரோ வாழும் மாவட்டத்தில் மூன்றாண்டுப் பணியென 2024 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நல்ல அறிவிப்புகள். ஆணை ஏட்டில் இருப்பது வேறு, நிலையத்தின் பணிப் பதிவேட்டில் ஏறுவது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதுவையின் கதை சுவையானது. நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கிரண் பேடி 2016 முதல் 2021 வரை அங்கே துணைநிலை ஆளுநர். அவருக்குப் பின் வந்த ஆளுநரின் காலத்தில், 2023இல், பெண் அரசு ஊழியர்க்கு மாதம் மூன்று வெள்ளிக்கிழமைகளில் காலை இரண்டு மணி நேரச் சலுகை அறிவிக்கப்பட்டது. எதற்கு? வெள்ளிக்கிழமை பூசையும் வீட்டு வேலையும் காரணமாம்! களைத்தவளுக்கு ஓய்வு என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்போம். விளக்கேற்றவும் வீடு மெழுகவும் பெண், வேலைக்குச் செல்ல ஆண் என்ற பழங்கணக்கை அரசே எழுதலாமா? குடும்ப விளக்கு பாடிய பாவேந்தரின் ஊரிலே, அந்த இரண்டு மணி நேரத்தை ஆணுக்கும் கொடுத்து, அடுப்பங்கரையில் பாதியை அவனிடம் ஒப்படைத்திருக்கலாமே!

சூலை 30 தோறும் புதுவையில் அப்பன்னிருவர்க்கும் மாலை சூட்டுகிறார்கள். ஊர்வலத்துக்கு வழி விலக்கி, வெயிலில் நெடுநேரம் நிற்பவர்கள் சிவப்புத் தொப்பியினர்.