சங்குக் கொடி பறந்த மலைகள்

போடியிலிருந்து தேவிகுளத்திற்கும், கம்பத்திலிருந்து பீர்மேட்டிற்கும் மலையேறிச் சென்ற நம் தமிழ்த் தொழிலாளர், மலை முகட்டைக் கடந்ததும் வேறோர் ஆட்சிக்குள் புகுந்தனர். கீழே ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம். செந்நிறத் துணியின் நடுவில் வெண்சங்கு பொறித்ததே அச்சமஸ்தானத்தின் கொடி.

அச்சங்கு, கடலில் மிக அரிதாகக் கிடைக்கும் வலம்புரி. 1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்தார். அதன்பின் மன்னர்கள் பத்மநாபதாசர் என்னும் பெயர் பூண்டு ஆண்டனர். நாடு இறைவனுடையது என்பதற்கு அடையாளமாகத் திருமாலின் சங்கு அரசின் இலச்சினையாக விளங்கியது. காசுகளிலும், 1888-இல் வெளிவந்த அஞ்சல் தலைகளிலும் அதனையே காண்கிறோம்.

பாலக்காட்டுப் பக்கத்தில் நிலைமை வேறு. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்த சிற்றூரோ கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. சில கல் தொலைவு நடந்தால் அரசு மாறும். வீட்டில் பேசும் தமிழ் மாறாது.

1947 ஜூன் மாதத்தில் திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாக விளங்கும் என அறிவித்தார். அது நிலைத்திருந்தால் சங்குக் கொடி ஒரு தனி நாட்டின் கொடியாகியிருக்கும். போடியில் பிறந்து தேவிகுளத்தில் தேயிலை பறித்தவர் அயல்நாட்டாராகியிருப்பர். மக்களின் எதிர்ப்பு வலுத்தது. ஜூலை 25-இல் திவான் தாக்கப்பட்டார். சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார்.

1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1-இல் கேரளம் பிறந்தபோது பாலக்காடும் அதனைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு இணையவேண்டும் என்று தமிழர் போராடியும், அவை கேரளத்திலேயே நின்றன. 1972-இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் அவை இன்று அடங்கியுள்ளன.

கொடி இறங்கினும் சங்கு மறையவில்லை. கேரள அரசின் இலச்சினையில் இரு யானைகளுக்கு நடுவே அது விளங்குகிறது. அதன் மேல் அசோகரின் சிங்கங்கள் நிற்கின்றன. மன்னராட்சியின் சின்னம் மக்களாட்சியின் சின்னத்தோடு இணைந்து நிற்கும் காட்சி இது. பிற மாநிலங்களில் வாழும் நாம், அன்றாடம் அரசாங்கத் தாள்களில் காணும் இலச்சினையின் வரலாற்றையும் அறிந்துகொள்வது நன்று. வந்து வாழும் மண்ணை நம்முடையதாக்கிக்கொள்ள அதுவும் ஒரு வழியன்றோ?