எல்தேனா மடத்தின் இடிபாடும் பிரீடரிக் ஓவியமும்

செர்மனி நாட்டின் வடபால், பால்டிக் கடலையடுத்த கிரைப்சுவால்டு நகரின் அருகே, எல்தேனா என்னும் பழைய கிறித்தவத் துறவிமடத்தின் இடிபாடு உளது. அந்நகரில் 1774-ஆம் ஆண்டு பிறந்த காசுபர் தாவீது பிரீடரிக் என்னும் ஓவியர், 1809, 1810 ஆகிய ஆண்டுகளில் எழுதிய 'ஓக் மரக்காட்டின் மடம்' என்னும் படத்துக்கு மூலமாயது அவ்விடிபாடே. அப்படம் பெர்லின் நகரத்துப் பழைய தேசியக் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பனி மூடிய நிலம், இலையற்ற முதுமரங்கள், அவற்றினிடையே நெடிய சாளரத்தோடு கூடிய ஒற்றைச் சுவர். சாளரத்தின் மெல்லிய சட்டங்கள் எவை, கிளைகள் எவை என அம்மங்கலொளியிற் பிரித்தறிதல் எளிதன்று. கீழே துறவியர் பிணப்பேழையொன்றைச் சுமந்து வாயிலினூடே செல்கின்றனர். கட்டடம் இயற்கையுள் ஒடுங்கும் காட்சி இஃது என்பர் காண்போர். காலம் அழித்தது, காடு விழுங்கியது என்பது அவர் கருத்து. படத்தளவில் அது பொருந்தும். வரலாறோ வேறு கூறுகின்றது.

இம்மடம் 1199-இல் சிஸ்டர்சியத் துறவியரால் நிறுவப்பெற்றது. கிரைப்சுவால்டு நகர்தானும் இம்மடத்தைச் சார்ந்த சந்தையூராய்த் தோன்றி வளர்ந்ததேயாம். சமயச் சீர்திருத்தம் அந்நாட்டிற் பரவவே, 1535-இல் மடம் கலைக்கப்பட்டது. 1634-இல் மடத்து நிலங்கள் கிரைப்சுவால்டுப் பல்கலைக்கழகத்துக்கு உரியவாயின. முப்பதாண்டுப் போரிற் கட்டடம் சிதைவுற்றது. அதன்பின் அந்நிலத்தை ஆண்ட சுவீடியர், நகரின் அரண் கட்டுதற்கு மடத்தின் செங்கற்களைப் பெயர்த்துச் சென்றனர். மடத்தாற் பிறந்த நகரின் அரணுக்கே மடத்தின் சுவர் இரையாயிற்று என்க. செங்கற்சுவர் தானே நடந்து போவதன்று. மரத்தின் வேரும் அதனைச் சுமந்து போவதன்று. ஆகலின், எல்தேனாவை வெறுமையாக்கியது பெரிதும் மக்கள் கையே என்பது துணிபு.

ஓவியர்மேற் குற்றம் கூறுதல் பொருந்தாது. அவர் அவ்விடத்தே சென்று இடிபாட்டை வரைந்தவர். எனினும் உள்ளதை உள்ளவாறு பதிதல் அவர் நோக்கமன்று. 1830-க்குப் பின் எழுதிய மற்றொரு படத்தில், கடலோரத்து எல்தேனாவை, நெடுந்தொலைவிலுள்ள ரீசன்கெபிர்கே மலைத்தொடரின் முன்னே நிறுத்திவிட்டார். இதனை நோக்குவார் அவர் படங்களை இடச்சான்றாகக் கொள்ளார்.

'ஓக் மரக்காட்டின் மடம்' 1810-இல் பெர்லின் கலைக்கழகத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பிரசிய அரசர் மூன்றாம் பிரீடரிக் வில்லியம் அதனை விலைக்கு வாங்கினார். அதனை விரும்பித் தூண்டியவர், அப்போது பதினைந்து வயதினராகிய இளவரசர். எல்தேனாவின் செங்கற்கள் மேலும் குறையாதவாறு காக்கும் பணி அந்நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. எஞ்சிய சுவர்களைச் சூழ மரங்களோடு கூடிய பூங்காவும் வகுக்கப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் மடத்தை வளைத்த காடெனக் காண்பது அப்பூங்காவையே.