நாலு கண்ணன் போன மேற்குத் திசை

கௌபாய் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பெரிய தொப்பி, குதிரை, இடுப்பில் துப்பாக்கி. மூக்குக் கண்ணாடி நிச்சயம் வராது! ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டே கௌபாய் வாழ்க்கை வாழப் போன ஒரு நியூயார்க் பணக்கார வீட்டுப் பிள்ளை இருந்தார். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியும் ஆனார். அவர்தான் தியோடர் ரூஸ்வெல்ட். (இரண்டாம் உலகப் போர் காலத்து ரூஸ்வெல்ட் வேறு. அவர் இவருக்குத் தூரத்து உறவு.)

1858ல் நியூயார்க் நகரத்தின் நடுவே பிறந்தவர். சின்ன வயதில் கடுமையான ஆஸ்துமா. ஓடியாட முடியாத பையனுக்குப் புத்தகங்கள்தான் காடு. ஒருநாள் கடைத்தெருவில் செத்துக் கிடந்த ஒரு கடல்நாயைப் பார்த்தார். அதன் மண்டையோட்டை எப்படியோ வாங்கி வந்து, வீட்டிலேயே ஒரு 'மியூசியம்' ஆரம்பித்துவிட்டார்!

1883ல் ரயிலேறி டகோட்டா பிரதேசத்துக்குப் போனார். எதற்கு? காட்டெருமைகள் அடியோடு அழிவதற்குள் ஒன்றையாவது சுட்டுவிட வேண்டும் என்று! கோடிக்கணக்கில் இருந்த விலங்கு அது. ரயில் பாதை வந்தது, தோல் வியாபாரிகள் வந்தார்கள், சுட்டுத் தள்ளினார்கள். காட்டெருமையை நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்கள் பட்டினியால் பணிவார்கள் என்று ராணுவத்திலும் பலர் அதை ஆதரித்தார்கள். ரூஸ்வெல்ட் மழையிலும் சேற்றிலும் நாள்கணக்கில் அலைந்த பிறகுதான் ஒன்று கிடைத்தது. சுட்டார். அதே பயணத்தில் 14,000 டாலர் போட்டு ஒரு மாட்டுப்பண்ணையிலும் பங்கு வாங்கினார்.

1884 பிப்ரவரி 14. ஒரே நாளில், ஒரே வீட்டில் அவருடைய தாயும் மனைவியும் இறந்துபோனார்கள். மனைவி குழந்தை பெற்று இரண்டே நாள். கைக்குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் மேற்கே போனார். 'நாலு கண்ணன்' என்று கேலி செய்த கௌபாய்கள், அவர் மணிக்கணக்கில் குதிரை மேல் இருந்து மாடு ஓட்டுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். 1886ல் அவருடைய படகைத் திருடிய மூன்று பேரை, பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் துரத்திப் பிடித்தார்.

ஆனால் 1886-87 குளிர்காலம் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. அளவுக்கு மீறி மாடு மேய்ந்து புல் அற்றுப்போன நிலம், அதன்மேல் கடும் பனி. அவருடைய மாடுகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. போட்ட பணத்தில் பெரும்பகுதி நஷ்டம்.

என்னைப் பொறுத்தவரை, கதையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆசைப்பட்டுத் தேடி வந்த நிலம் தன் கண் முன்னாலேயே தீர்ந்துபோவதை அவர் பார்த்துவிட்டார். 1887ல் வேட்டைக்கார நண்பர்களைச் சேர்த்து 'பூன் அண்ட் கிராக்கெட்' சங்கத்தைத் தொடங்கினார். வேலை? வேட்டை விலங்குகளைக் காப்பாற்றுவது!

1901ல் ஜனாதிபதி ஆனார். 1903ல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூருடன் யோசெமிட்டி காட்டில் மூன்று இரவுகள் தங்கினார். 1908ல் கிராண்ட் கேன்யனை தேசியச் சின்னமாக அறிவித்தார். பதவியை விட்டு இறங்கும்போது அவர் பாதுகாத்த நிலம் சுமார் 23 கோடி ஏக்கர்.

காட்டெருமை என்ன ஆனது? 1880களின் முடிவில் எஞ்சியவை ஆயிரம் சொச்சம். 1905ல் அவற்றைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியபோது ரூஸ்வெல்ட் அதன் கௌரவத் தலைவர். 1907ல் 15 காட்டெருமைகளை ரயிலேற்றி ஓக்லஹோமா புல்வெளிக்கு அனுப்பினார்கள். எங்கிருந்து தெரியுமா? நியூயார்க் மிருகக்காட்சிசாலையிலிருந்து! ஒரு காலத்தில் அதே நகரத்திலிருந்துதான் ஒருவர் காட்டெருமையைச் சுட ரயிலேறினார்.

இவர் மகாத்மா ஒன்றுமில்லை. கடைசிவரை வேட்டையை விடவில்லை. பூர்வகுடி மக்களை மிகக் கேவலமாகப் பேசியிருக்கிறார். அவர் காப்பாற்றிய காடுகள் பலவும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. விலங்குகள் விஷயத்தில் திறந்த கண், மனிதர்கள் விஷயத்தில் மூடியே இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

அவர் பண்ணை வைத்திருந்த பகுதி இன்று அவர் பெயரிலேயே தேசியப் பூங்கா. அங்கே காட்டெருமைகள் மேய்கின்றன. 1883ல் ஒன்றைக் கண்டுபிடிக்கவே அவர் நாள்கணக்கில் அலைந்த இடம் அது.