டேப்பில் கிடந்த பிள்ளைப்பருவம்

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் பாடகியாகப் புறப்பட்டவர் இல்லை. படமெடுக்கத்தான் புறப்பட்டார். 2018இல் வந்த ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ ஆவணப்படத்தின் பிறப்பு அந்த ஆசையில் இருக்கிறது.

1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். தகப்பன் அருளர் ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். இராணுவம் தேடிய ஆள். அதனால் எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும் பிள்ளைகளிடம் அவரை ‘அங்கிள்’ என்றே சொல்லி வைத்தார்களாம்.

இந்தக் கதையில் இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த எங்கள் சப்பரகமுவைக்கும் ஒரு ஒட்டுதல் உண்டு. மலையகத் தமிழரையும் சேர்த்தே ஈழம் பேசிய இயக்கம் ஈரோஸ். யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே 1981இல், ஆகஸ்ட் மாதம், இரத்தினபுரித் தோட்டங்களில் மலையகத் தமிழர் வாழ்ந்த லயங்களுக்குத் தீ வைத்தார்கள். கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வவுனியாப் பக்கம் போன குடும்பங்கள் ஏராளம். அதையெல்லாம் படம் பிடித்து வைக்க லயத்தில் ஏது கேமரா?

மாயாவிடம் பிற்பாடு கேமரா வந்தது. 1986இல் தாய் கலா பிள்ளைகளோடு அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படமெடுக்கப் படித்த மாயா, தன்னையும் வீட்டாரையும் ஓயாமல் படம் பிடித்துத் தள்ளினார். 2001இல் தமிழ் இளைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க யாழ்ப்பாணம் வந்தார். கெடுபிடி தாங்காமல் அது பாதியில் நின்றது.

பாட்டு குறுக்கே வந்தது இந்தச் சமயத்தில்தான். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் பயணத்தைப் படமாக்கப் போன இடத்தில், ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப்பெட்டி அவருக்கு அறிமுகமானது. பட்டனைத் தட்டினால் தாளம் கொட்டும் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கினார். 2005இல் முதல் இசைத்தொகுப்பு ‘அருளர்’, 2007இல் ‘கலா’. வீட்டில் இல்லாத தகப்பனின் பெயர் முந்திக்கொண்டது, வளர்த்த தாயின் பெயர் பிந்திவிட்டது. பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான்.

புகழ் வந்த பிறகு, எழுநூறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜிடம் கொடுத்துவிட்டார். அவர் பட்ட பாடு தனிக்கதை. பணமும் அனுமதியும் இழுபறியாகி, 2013இல் முன்னோட்டத்தைத் தானே இணையத்தில் கசியவிட்டு, இனி இந்தப் படமே வேண்டாம் என்று ஒதுங்கினார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்தார். 2018 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் படம் நடுவர் குழுவின் சிறப்பு விருது வாங்கியது. மாயாவே முழுப்படத்தையும் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார். இசை இன்னும் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான்.

இசையைக் குறைத்து லவ்ரிட்ஜ் செய்ததுதான் சரி என்பேன். மேடைப்பாட்டை எங்கேயும் கேட்கலாம். உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து, இல்லாமல் போன அப்பாவைப் பற்றிப் பேசுவதை வேறெங்கே பார்ப்பது? 2001இல் பாதியில் நின்ற யாழ்ப்பாணக் காட்சிகளுக்கும் இதில்தான் கதி கிடைத்தது. எனக்கு ஒரே குறை: அருளரின் இயக்கம் என்ன பேசியது, யாரையெல்லாம் சேர்த்துப் பேசியது என்பதைப் படம் அவசரமாகத் தாண்டிவிடுகிறது. அங்கே கொஞ்சம் நின்றிருந்தால் இரத்தினபுரியும் கேகாலையும் கதைக்குள் வந்திருக்கும்.