ஒரு டொலருக்குக் கைமாறிய உரிமை

விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளின் வரலாற்றைத் தனிப்பெரும் மேதைகளின் கதையாகக் கூறுவது வழக்கம். இன்சுலினின் வரலாறு அவ்வழக்கத்துக்கு அடங்குவதன்று. பல நாட்டாரின் உழைப்பு ஆக்கிய பொதுச்செல்வம் எவ்வாறு சிலரின் வாணிகச் சரக்காயிற்று என்பதையும் அது காட்டுகின்றது.

1889ஆம் ஆண்டில் ஸ்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் ஒரு நாயின் சதையியை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. கணையம் என்றும் அழைக்கப்படும் அவ்வுறுப்புக்கும் நோய்க்குமுள்ள தொடர்பு அன்று புலனாயிற்று. ஆயினும் அதிற் சுரக்கும் பொருளைப் பயன்படுமாறு பிரித்தெடுக்க முப்பதாண்டுகளுக்கு மேற் சென்றன. அதுவரை, இன்சுலின் சுரவாத குழந்தைகளுக்கு வைத்தியர்கள் அளித்த சிகிச்சை பட்டினியே. உணவைக் குறைத்துச் சாவைச் சிறிது தள்ளிவைத்தனர், அவ்வளவே.

1921ஆம் ஆண்டுக் கோடையில் கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், பான்ரிங், பெஸ்ற் ஆகிய இருவரும் நாய்களில் ஆய்வு நடத்தினர். 1922 சனவரி 11ஆந் திகதி, லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. மருந்து தூய்மையற்றிருந்தமையால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. உயிர்இரசாயனவியலாளரான கொலிப் சாற்றைத் தூய்மைப்படுத்தியபின், அதே மாதம் 23ஆந் திகதி ஏற்றிய ஊசி பலித்தது. 1923இல் பான்ரிங், பெஸ்ற், கொலிப் மூவரும் தலைக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு ஆக்கவுரிமையைப் பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். உயிர்காக்கும் மருந்து தனியொருவரின் ஏகபோகமாகலாகாது என்பதே அச்செயலின் பொருள்.

கூட்டுழைப்பு அத்துடன் ஓயவில்லை. இங்கிலாந்தில் சாங்கர் 1955இல் இன்சுலினின் அமினோ அமில ஒழுங்கை முற்றாக வெளிப்படுத்தினார். 1965இல் சீன விஞ்ஞானிகள் பசுவின் இன்சுலினைச் செயற்கை முறையில் ஆக்கினர்.

ஊசிமருந்து மரணத்தைத் தடுத்தது, நோயைப் போக்கவில்லை. விரைவிற் கொன்ற நோய் ஆயுள் முழுவதும் தொடரும் நோயாயிற்று. பிழைத்தோரிற் பலர் ஆண்டுகள் பல கழிந்தபின் கண்ணொளியையும் சிறுநீரகங்களையும் இழக்கலாயினர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்து 1993இல் வெளியிடப்பட்ட முடிவு, குருதியிலுள்ள சீனியை இயல்பு நிலைக்கு அண்மையில் வைத்திருப்பின் இக்கேடுகள் பெரிதுங் குறையும் என நிறுவியது.

அதற்குதவும் கருவிகளுள் ஒன்று இன்சுலின் பம்பி. 1960களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிசில் கடிஷ் அமைத்த கருவி முதுகிற் சுமக்கவேண்டிய பருமனுடையது. 1978இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலை ஆய்வாளர்கள் உடலில் அணியத்தக்க சிறு பம்பியால் தோலின்கீழ் இடைவிடாது இன்சுலினைச் செலுத்திக் காட்டினர். இன்றைய பம்பி உள்ளங்கையில் அடங்கும். இரவும் பகலும் சிறுகச்சிறுக மருந்தைச் செலுத்தும். உண்ணும் உணவுக்கேற்ற மேலதிக அளவை அணிந்திருப்பவர் கணித்துச் செலுத்தவேண்டும். விரைந்து செயற்படும் இன்சுலின் மட்டுமே அதிலிருப்பதால், குழாய் அடைபட்டாற் சில மணித்தியாலங்களிலேயே குருதியில் அமிலம் பெருகத் தொடங்கும். அண்மைக்காலப் பம்பிகள் சில தாமே அளவைத் திருத்தவல்லன. எனினும் உணவை எண்ணுதல், சீனியைக் கவனித்தல், இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை குழாயை மாற்றுதல் ஆகிய வேலைகளுக்கு விடுமுறையில்லை, கூலியுமில்லை. நோயுடன் நெடுநாள் வாழ்வோர் சதையியின் வேலையைத் தம் அறிவினாற் செய்துவருகின்றனர்.

இவ்வளவு உழைப்புக்குப் பின்னும் பணப்பையே பலரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றது. பம்பியை ஒருமுறை வாங்கினாற் போதாது. குழாயும் மருந்துக்கலமும் வாழ்நாள் முழுதும் வாங்கப்படவேண்டும். ஒரு டொலருக்குக் கைமாறிய உரிமை பழைய சாற்றுக்கே உரியது. பின்வந்த திருத்தங்களுக்கும் கருவிகளுக்கும் புதிய ஆக்கவுரிமைகள் பெறப்பட்டன. மூன்று பல்தேசியக் கம்பனிகள் உலக இன்சுலின் சந்தையின் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதியைக் கட்டுப்படுத்துவதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது.

வேறு வழியில்லை என்பார் கூற்றுப் பொருந்தாது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை, வகுக்கப்பட்ட தகுதியுடைய நோயாளருக்குப் பம்பியை இலவசமாக வழங்குகின்றது. ஓரிடத்தில் உரிமையாயிருக்கும் பொருள் பிறிதோரிடத்தில் விலைச்சரக்காயிருப்பதற்குக் காரணம் விஞ்ஞானத்தில் இல்லை; சமுதாய அமைப்பில் உளது. வகுப்பறையிற் பான்ரிங்கின் பெயரை உரைக்கும் ஆசிரியர்கள் அந்த ஒரு டொலரையும் சேர்த்து உரைத்தல் வேண்டும்.